பச்சையாத்தான் இருந்துச்சு

வேண்டாங்க, ஜன்னல் சீட்டு நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு வெளிய பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. ஓசூருக்கு வந்தப்ப பாத்த ரோடுதான், இப்ப கோயமுத்தூருக்குத் திரும்பிப் போறேன், அவ்வளவுதான். நீங்க சேலத்துல இறங்கறீங்களா? சரிங்க.

தப்பா நினைக்காதீங்க, உங்க லேப்டாப்பை எட்டிப் பாக்கணும்னு பாக்கலை. அந்த மூலையில கேபிள் இல்லைன்னு ஒரு குறி போட்டுக் காட்டுதே, அதைப் பாத்ததும் வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. அது சொல்றதை அப்படியே நம்பிராதீங்க. இங்க பஸ்ஸுல கேபிள் இல்லைங்கறது நிசந்தான். ஆனா அது பாத்துட்டுச் சொல்லுதா, பாக்காமயே சொல்லுதான்னு ஒரு கேள்வி இருக்குதுங்க. அந்தக் கேள்வியைக் கேட்டதுக்குத்தான் நான் கோயமுத்தூர்ல பாத்துட்டிருந்த வேலையை விட்டுட்டு வந்தேன்.

என் பேரு கோகிலவாணி. பீளமேட்டுல ஒரு சின்ன கம்பெனி. பேர் வேண்டாம், சின்ன கம்பெனி, அதோட விட்டுருவோம். ஆலைகளுக்கும் பண்ணைகளுக்கும் பெட்டி செஞ்சு குடுக்கறவங்க. சாப்பாட்டு டப்பா அளவுல ஒரு கம்ப்யூட்டர், அதுல கேபிள் சொருக ரெண்டு ஓட்டை, ரெண்டு போர்ட். எங்க வீட்டுக்காரரும் அங்கதான். திருமூர்த்தி. அவருதான் டிரைவர் எழுதறது. பஸ் ஓட்டற டிரைவர் இல்லைங்க. கம்ப்யூட்டருக்கும் அதுல இருக்கற சாமானுக்கும் நடுவுல ஒரு தரகன் மாதிரி ஒரு மென்பொருள் இருக்கும், அதுக்குத்தான் அந்தப் பேரு. கேபிள் சொருகி இருக்கா, அந்தப் பக்கம் யாராச்சும் இருக்காங்களான்னு கம்ப்யூட்டருக்குத் தானா தெரியாது. டிரைவரைக் கேக்கும். டிரைவர் போர்ட்டுல இருக்கற சிப்பைக் கேட்டுட்டு வந்து சொல்லும்.

போர்ட் முழிச்சிருந்தா எந்தத் தொந்தரவும் இல்லை. இப்போதைக்கு வேண்டாம்னு போர்ட்டை நிறுத்தி வச்சிருந்தா? போர்ட் தூக்கத்துல இருக்கு. அப்பக் கேட்டா டிரைவர் என்ன சொல்லணும்? எழுப்பிப் பாத்துட்டுச் சொல்லணும், இல்லைன்னா தெரியலைன்னு சொல்லணும். நீங்களே சொல்லுங்க, இதுல என்ன பெரிய வித்தை இருக்கு? தெரியலைன்னு சொல்றதுல என்ன கேவலம்? ஆனா எங்க வீட்டுக்காரர் எழுதின டிரைவர் ரெண்டையும் செய்யலை. தூங்கறதுக்கு முன்னால கடைசியா என்ன தெரிஞ்சுதோ அதையே திரும்பச் சொல்லிட்டு இருந்துச்சு. கேபிள் இருக்குது, இருக்குது, இருக்குது. யாரோ வந்து உருவிட்டுப் போயிருந்தாக்கூட இருக்குது.

இதெல்லாம் எனக்கு முன்னாடி தெரியாதுங்க. தாராபுரம் பக்கம் போனப்பறந்தான் தெரிஞ்சுது.

அங்க ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையம். சுத்துப்பட்டுல கறக்கற பாலெல்லாம் அங்கதான் வரும். பெரிய தொட்டி, அதைக் குளிர வைக்கற கம்ப்ரஸர், பக்கத்துல சுவத்துல எங்க பெட்டி. தொட்டியோட சூட்டை அளந்து டவுன்ல இருக்கற ஆபீஸுக்கு அனுப்பும். கம்ப்ரஸரை ஓட்டு, நிறுத்துன்னு ஆபீஸ்ல இருந்து உத்தரவு வரும். ஒரு கேபிள் அறுந்தா வேலை நிக்கக் கூடாதுன்னு ரெண்டு கேபிள். ரெண்டையும் ஒண்ணா ஓடவிட்டா அந்தப் பக்கம் குழப்பமாயிரும், அதனால ஒண்ணு ஓடும், இன்னொண்ணு தூங்கும். முதல்ல இருக்கறது போச்சுன்னா பெட்டியே ரெண்டாவதை எழுப்பிக்கும். பெட்டி முகப்புல ரெண்டுக்கும் ரெண்டு விளக்கு. பச்சைன்னா கேபிள் இருக்கு, சிவப்புன்னா இல்லை.

பகல் ஷிப்ட்டு பாக்கறவர் நாச்சிமுத்துன்னு ஒருத்தர். காலையில வந்ததும் தொட்டி, கம்ப்ரஸர், பெட்டி எல்லாத்தையும் சுத்திப் பாத்து ஆபீஸுக்குப் போன் பண்ணிச் சொல்லணும், அது அவர் வேலை. அன்னிக்கும் பாத்தாரு, ரெண்டும் பச்சைன்னு சொன்னாரு. மத்தியானம் கொட்டகைக்கு வெல்டிங் வைக்க வந்தவன் ஓடிட்டிருந்த கேபிளைப் பொசுக்கிட்டான். பெட்டி ரெண்டாவதை எழுப்புச்சு. எழுப்பினப்பறந்தான் அந்தப் பெட்டிக்கே தெரிஞ்சுது, ரெண்டாவது ஓட்டையில கேபிளே இல்லை. அதுக்கு முந்துன வாரம் வெள்ளை அடிக்க வந்தவங்க இடைஞ்சலா இருக்குன்னு உருவி ஒரு ஆணியில மாட்டிட்டுப் போயிருக்காங்க.

ஆபீஸ்ல என்ன பண்ணாங்க தெரியுங்களா? ஒரு லைன் போச்சு, இன்னொண்ணு தானா வந்துரும்னு சாப்பிடப் போயிட்டாங்க, வந்தப்பறமும் திரும்பிப் பாக்கலை. உத்தரவு வரலைன்னா கம்ப்ரஸர் இருந்த நிலையிலயே நிக்கும். அந்நேரம் பாத்து அது நின்னுட்டிருந்துச்சு, நின்னதுதான். நல்ல சித்திரை வெயிலு. நாச்சிமுத்து வாசல்ல வந்து நின்ன வண்டிகளை அனுப்பிட்டு இருந்திருக்காரு. சாயங்காலம் தொட்டி மூடியைத் திறந்தா வாசம் மூக்கைத் துளைக்குது. ஒரு தொட்டிப் பாலும் அப்படியே வாய்க்கால்ல போச்சு.

வந்து பாத்தவங்க எல்லாருக்கும் கண்ணுல பட்டது ரெண்டு சிவப்பு விளக்கு. ஒண்ணு பொசுங்கினது, இன்னொண்ணு ஆணியில தொங்கறது. நீ காலையில பாக்காமயே பாத்தேன்னு சொல்லியிருக்கறன்னு நாச்சிமுத்துவை அன்னிக்கே வெளிய நிறுத்திட்டாங்க. விசாரணை முடியற வரைக்கும் உள்ள வரக் கூடாது. விசாரணைன்னா என்ன, முடிவு பண்ணிட்டு நடத்தறதுதானே.

எங்க முதலாளி நந்தகோபால் சாருக்கு அது ரொம்ப சௌகரியமாப் போச்சு. பெட்டி சரியாத்தான் சிவப்பு காட்டியிருக்கு, ஆள்தான் பாக்கலைன்னு சொல்லிட்டாரு. எதுக்கும் பெட்டியைக் கழட்டி எடுத்துட்டு வாங்கன்னு என்னை அனுப்பினாரு. நான் சோதனைப் பிரிவு. பெட்டி வெளிய போறதுக்கு முன்னால எல்லாச் சோதனையும் பண்ணி அனுப்பறது என் பொறுப்பு. இந்தப் பெட்டியும் எல்லாத்துலயும் பாஸ் ஆனதுதாங்க. ஓடற போர்ட்டுல கேபிளை உருவிப் பாத்தோம், திரும்பச் சொருகிப் பாத்தோம், கரண்டைப் புடுங்கிப் பாத்தோம். தூங்கற போர்ட்டுல உருவிப் பாத்தீங்களான்னு கேக்கறீங்களா? அப்படி ஒரு சோதனை எங்க முறையிலயே கிடையாதுங்க. முறையை வகுத்தது யாருன்னா, நாந்தான் வகுத்தேன், சோதனைப் பிரிவுன்னு இருந்ததே நான் ஒருத்திதான். ஆனா அதுவா இப்ப பேச்சு? டிரைவர் பொய் சொல்லுச்சு, அதுதான் பேச்சு.

எங்க விட்டேன்? ஆங், போனேன். கேட்டுக்கு வெளிய ஒரு மனுசன் வேப்ப மரத்தடியில நின்னுட்டு இருந்தாரு. நான் வண்டியை விட்டு இறங்கினதும் கிட்ட வந்தாரு. அவருதான் நாச்சிமுத்து. தினமும் ஷிப்ட்டு நேரத்துக்கு வந்து அங்க நின்னுட்டு, ஷிப்ட்டு முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிருவாராம். வீட்ல இன்னும் சொல்லலையாம். அவர் அழுவலை, கெஞ்சலை. நேரா என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னாரு.

"அம்மிணி, பச்சையாத்தான் இருந்துச்சு. நான் என் கண்ணால பாத்தனுங்க."

அவ்வளவுதான் சொன்னாரு. எனக்கு என்னமோ அந்த ஆள் பொய் சொல்ற மாதிரி தோணலைங்க. உள்ள போனேன். கழட்டறதுக்கு முன்னால ஒரு தடவை பாப்பமேன்னு புதுக் கேபிள் ரெண்டைச் சொருகி ஓட விட்டேன். ரெண்டும் பச்சை. ரெண்டாவதைத் தூங்க வச்சேன். பச்சை. கேபிளை உருவிக் கையில வச்சுக்கிட்டேன். பச்சை. டீ ஒண்ணு வரவழைச்சுக் குடிச்சேன், பெட்டியையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அசைய மாட்டேங்குது, பச்சை. கேபிள் என் மடியில கெடக்குது, விளக்கு பச்சையா எரியுது.

அங்கயே எங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணியிருக்கலாம். பண்ணலை. ஏன்னு நீங்க கேக்கற மாதிரிதான் எல்லாரும் கேட்டாங்க. சொன்னா அவர் சங்கடப்படுவாரு, சாப்பிட மாட்டாரு, ராப்பகலா அதையே நோண்டிட்டு இருப்பாரு. அதோட, ஒரு மனுசன் மரத்தடியில நிக்கறாரு, இது குடும்ப விசயமா என்ன? கம்பெனிக்குள்ள சொன்னா நந்தகோபால் சார் அமுக்கிருவாரு. எல்லாரும் இருக்கற இடத்துல உடைக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். பண்ணதுல ஒரு தப்பும் இல்லைன்னுதான் இன்னிக்கும் சொல்வேன்.

ரெண்டு நாள் கழிச்சு பால் கம்பெனி ஆபீஸ்ல கூட்டம். அவங்க மேனேஜரம்மா, நந்தகோபால் சார், எங்க வீட்டுக்காரர், நான். நாச்சிமுத்துவையும் கூப்பிட்டு ஓரமா நிக்க வச்சிருந்தாங்க. பெட்டியில குறை ஒண்ணும் இல்லைன்னு எங்க சார் பேச ஆரம்பிச்சாரு. நான் குறுக்க பூந்தேன். ஒரு நிமிசங்க மேடம், பெட்டி இங்கயே இருக்கு, எல்லாரும் பாத்துருங்கன்னு சொல்லி மேசை மேல வச்சு ஓட விட்டேன். பச்சை பச்சை. தூங்க வச்சேன். அப்புறம் மேனேஜரம்மாவையே கூப்பிட்டு, உங்க கையாலயே அந்தக் கேபிளை உருவுங்கன்னேன். உருவினாங்க. விளக்கு பச்சையாவே எரிஞ்சுது. அந்தம்மா கேபிளையும் விளக்கையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. நாச்சிமுத்து ஓரத்துல இருந்து ரெண்டடி முன்னால வந்துட்டாரு.

நந்தகோபால் சார் எங்க வீட்டுக்காரரைத் திரும்பிப் பாத்தாரு. இது எப்படின்னு கேட்டாரு. தூங்கற போர்ட்டை டிரைவர் கேக்கறதில்லை, கடைசியாத் தெரிஞ்சதைத்தான் சொல்லும்னு அவர் மெதுவாச் சொன்னாரு. மேனேஜரம்மா விடலை. இதைக்கூடச் சோதிச்சுப் பாக்காமயா எங்களுக்குக் குடுத்தீங்க, யாரு இதைச் சோதிச்சதுன்னு கேட்டாங்க. சார் வாயைத் திறக்கறதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் முந்திக்கிட்டாரு.

"டிரைவர் என்னோடது மேடம். தப்பும் என்னோடதுதான். வேற யாரையும் கேக்க வேண்டாம்."

பாத்தீங்களா? அவ்வளவுதான் பேசினாரு. நான் அவ்வளவு பாடுபட்டு ஒரு மனுசனைக் காப்பாத்தியிருக்கறேன், என் மனைவி கண்டுபிடிச்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா? என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை. தன்னோட தப்புன்னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சிட்டாரு. அதென்ன சுபாவமோ.

நாச்சிமுத்துவை மறுநாளே வேலைக்கு எடுத்துட்டாங்க. மேனேஜரம்மா எல்லார் முன்னாலயும் அவர்கிட்ட மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னாங்க, அதையும் சொல்லணும். அந்த மனுசன் என்கிட்ட வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு. எனக்கு அது போதுங்க.

எங்க பக்கம்தான் போச்சு. அந்தப் பால் கம்பெனிக்காரங்க பெட்டியெல்லாம் திருப்பி அனுப்பிட்டாங்க. நந்தகோபால் சார் என்னை ரூமுக்குக் கூப்பிட்டு, வாடிக்கையாளர் முன்னால என்னைக் கேக்காம எப்படிப் பேசலாம், வருத்தம் தெரிவிச்சு எழுதிக் குடுன்னாரு. எதுக்கு வருத்தம்னு கேட்டேன். பால் கெட்டதுக்கா, மனுசன் கெடாம இருந்ததுக்கான்னு கேட்டேன். அன்னிக்கே என் பையை எடுத்துட்டு வந்துட்டேன். இன்னொரு தடவை அதே மேசை, அதே பெட்டின்னு வச்சாலும் அதையேதான் செய்வேன். எழுதியெல்லாம் குடுக்க மாட்டேன்.

வீட்டுக்காரர் அங்கயேதான் இருக்காரு. விட்டுட்டு வருவாருன்னு நினைச்சேன், வரலை. தப்புப் பண்ணவன் சரி பண்ணிட்டுத்தான் போகணும்னாரு. அன்னிக்குக் கூட்டம் முடிஞ்சு நாங்க ரெண்டு பேரும் வண்டியில திரும்பினோம். பல்லடத்துல சிக்னல்ல நின்னப்ப கேட்டாரு, முதல்ல எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேன்னு. சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்கன்னு நானும் விடலை.

"அந்தக் கேபிளை நானே உருவியிருப்பேன்"னாரு.

பேச்சுக்குச் சொல்றதுதானேங்க? எல்லாம் முடிஞ்சப்புறம் யார் வேணாலும் சொல்லலாம். நானும் அப்படியே சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவர் பேச்சைக் குறைச்சுட்டாரு. உப்பு வேணுமா, தண்ணி வந்துச்சா, அவ்வளவுதான். ஓசூர்ல வேலை கிடைச்சுப் போறேன்னு சொன்னப்பவும், சரி, பாத்துப் போன்னாரு. பஸ் ஏத்திவிட வந்தாரு, பையை மேல வச்சாரு, இறங்கிப் போயிட்டாரு. போன் பண்ணலை. நானும் பண்ணலை. நான் எதுக்குங்க பண்ணணும்? கோவமெல்லாம் இருக்காது, அவருக்குக் கோவமே வராது. அவர் எப்பவும் ஒரே மாதிரிதான், எனக்குத் தெரியாதா?

இல்லை, ஒரேயடியா ஒண்ணும் இல்லைன்னு சொல்ல முடியாது. போன வாரம் அவர்கிட்ட இருந்து ஒரு மெயில் வந்துச்சு. டிரைவரைச் சரி பண்ணிட்டாருங்க. அந்த டிரைவர் எங்க கம்பெனிக்கு மட்டும் சொந்தமில்லை, உலகத்துல யார் யாரோ எடுத்துப் போட்டுக்கறது. அதனால திருத்தத்தையும் எல்லாரும் பாக்கற மாதிரி பொதுவுலதான் வைக்கணும். நல்லாத்தான் பண்ணியிருக்காரு, குறை சொல்ல முடியாது. போர்ட் முழுசா முழிச்சா அந்தப் பக்கம் குழம்பும்னு சொன்னேனில்ல, அதனால சிப்பை மட்டும் லேசாத் தட்டி, கேபிள் இருக்கான்னு கேட்டுட்டு மறுபடி தூங்க வச்சிருது. கேக்க முடியலைன்னா பழைய பதிலைச் சொல்றதில்லை. தெரியலைன்னு சொல்லுது. நான் சொன்ன அதே வார்த்தை.

அந்தத் திருத்தத்துக்குக் கீழ, குறையைக் கண்டுபிடிச்சுச் சொன்னது யாருன்னு போடறது ஒரு வழக்கம். அதுல கோகிலவாணின்னு போட்டிருந்தாரு. என் பேரு மட்டும். அதுக்கடுத்தாப்பல சோதிச்சுப் பாத்தது யாருன்னு ஒரு இடம் இருக்கும். அதைக் காலியா விட்டு, பொதுவுல வைக்கறதுக்கு முன்னால எனக்கு அனுப்பியிருந்தாரு. எப்படி இருக்கறே, சாப்பிட்டியான்னு ஒரு வரி இல்லை. வெறும் திருத்தம் மட்டும்.

நான் விடுவனா? ஓசூர்ல என் புது ஆபீஸ்ல இருக்கற ஒரு பெட்டியில போட்டு ஒரு நாள் பூராவும் பாத்தேன். இந்தத் தடவை தூங்கற போர்ட்டுலயும் உருவிப் பாத்தேன், சொருகிப் பாத்தேன், பாதி சொருகி ஆட்டிப் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு. சரியா இருக்கு, என் பேரைப் போட்டுக்கலாம்னு ஒரே வரியில பதில் அனுப்பினேன். அவர் எனக்கு எப்படி அனுப்பினாரோ அதே மாதிரி. நான் கண்டுபிடிச்சது சரிதான்னு உலகமே பாக்கறாப்பல அவரே ஒத்துக்கிட்டாரு, அது எனக்குப் போதும். ஆனா வாயைத் திறந்து சொல்லட்டும். சொல்ற வரைக்கும் நான் இறங்கி வர்றதா இல்லை.

இப்ப எதுக்குப் போறேன்னா, நீங்க நினைக்கற மாதிரி இல்லைங்க. மிக்ஸி எடுத்துட்டு வரப் போறேன். சமாதானமும் இல்லை, ஒண்ணும் இல்லை. எங்கம்மா வாங்கிக் குடுத்த மிக்ஸி, ஓசூர்ல தேங்காய் அரைக்க வழியில்லை. சொல்லலைங்க, எதுக்குச் சொல்லணும், என் வீடுதானே. அவர் வீட்லதான் இருப்பாரு. சனிக்கிழமை எங்கயும் போக மாட்டாரு, துணி துவைச்சுக் காயப்போட்டுட்டு ரேடியோ கேட்டுட்டு இருப்பாரு. எப்பவும் அப்படித்தான். இன்னிக்கும் அப்படித்தான் இருப்பாரு.

கேட்டுட்டுப் போனா என்னவா? நல்லாருக்கே. ஊரே கேக்கும் போல இருக்கு. சரி, நீங்க சொல்றீங்களேன்னு பண்றேன், நானாப் பண்ணலை. சாவி யாருகிட்ட இருக்குன்னு மட்டும் கேக்கறேன்.

ஹலோ. நாந்தான். வீட்லதான இருக்கீங்க? மிக்ஸி எடுக்க வந்துட்டு இருக்கறேன், அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்லை. பஸ்ஸுல. தொப்பூர் தாண்டிட்டேன். என்னது? எங்க? சத்தமாச் சொல்லுங்க, காத்து அடிக்குது. எங்க நிக்கறீங்க? எப்ப வந்தீங்க? ஏன் சொல்லலை? சொல்லிட்டு வரணும்னு தெரியாது? சரி. சரி, பேசாதீங்க. சாப்பிட்டீங்களா? அங்கயே நில்லுங்க, எங்கயும் நகராதீங்க. நான் சேலத்துல இறங்கித் திரும்பி வர்றேன்.

என்ன சிரிக்கறீங்க? ஓசூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கறாருங்க. காலையில முதல் வண்டிக்கு ஏறியிருக்காரு. நான் இங்க வர்றேன், அவர் அங்க போயிருக்காரு. கையில மிக்ஸியாம். தேங்காய் அரைக்கக் கஷ்டப்படுவேன்னு தூக்கிட்டு வந்திருக்காரு.

அந்தப் பையை மட்டும் கொஞ்சம் இறக்கிக் குடுங்க, எனக்கு எட்டாது. நானும் உங்களோடயே இறங்கறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன், மனசுல வச்சுக்கோங்க. நான் மிக்ஸிக்குத்தான் கிளம்பினேன். தேடி வந்தது அவருதான். நாளைக்கு யாராச்சும் மாத்திப் பேசினா, நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டவங்க, நீங்கதான் சொல்லணும்.